அடிவயிற்றில் ஆயிரத்து நானூறு சதுரம்

பஸ்ஸின் கூரைக்கு இரண்டாவது பூச்சு அடிப்பது வீண் என்பது குகதாசனின் தொழில் கொள்கை. புதுக்குடியிருப்புச் சந்தையிலிருந்து கொஞ்சம் தள்ளி அவனுடைய பெயின்ற் கராச் இருக்கிறது. ஓட்டோ, பள்ளிக்கூட வான், முல்லைத்தீவுக்கு ஓடும் தனியார் பஸ் என்று எது வந்தாலும் பக்கவாட்டை முகம் பார்க்கும் அளவுக்கு மினுக்கி அனுப்புவான். கூரைக்கு மட்டும் ஒரே பூச்சு. "மேல ஆர் பாக்கப் போகினம்? காகமோ?" என்று கேட்பான். பஸ் முதலாளிமாரும் காகத்துக்காக மினக்கெட விரும்பாதவர்கள் என்பதால், பதினைந்து வருடமாக இந்தக் கொள்கைக்கு ஊரில் எதிர்ப்பே இருக்கவில்லை.

இந்தக் கொள்கைதான் கடைசியில் அவன் காலை வாரியது. அதுவும் பஸ்ஸில் அல்ல. ஒன்றரை அடி நீளப் பிளாஸ்ரிக் பிளேனில்.

சுவிஸில் இருக்கும் மைத்துனன், அதாவது மனைவி தாட்சாயினியின் தம்பி, போன வருடம் ஊருக்கு வர முதல் போன் எடுத்து, "அத்தான், உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டான். ஊரில் உள்ள மற்ற அத்தான்மார் இந்தக் கேள்விக்கு நல்ல போன் என்றோ வாசனைப் போத்தல் என்றோ பதில் சொல்லுவார்கள். குகதாசன் ஒரு பெட்டியின் படத்தை அனுப்பினான். போர் விமானத்தின் மாதிரி. உண்மை விமானத்தின் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. இருநூற்றுச் சொச்சம் துண்டுகள். ஒட்டிப் பூட்டி நிறமும் நாமேதான் அடிக்க வேண்டும். பெட்டி வந்து சேர்ந்த அன்று தாட்சாயினி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தம்பியிடம் திரும்பினாள்.

"ஏன்ரா, உடைஞ்சதையோ வாங்கிக்கொண்டு வந்தனீ?"

பெட்டியின் மேல் இருந்த படம்தான் குகதாசனைப் பிடித்து ஆட்டியது. ஐரோப்பாவில் எங்கோ ஒரு நாட்டின் விமானம். உடம்பு முழுக்கச் சாம்பலில் நாலு தினுசு. வளைவு நெளிவு ஒன்றும் இல்லை; எல்லாம் சின்னச் சின்னச் சதுரம். மழை நேரத்தில் டிஷ் இழுக்காமல் ரீவிப் படம் சதுரம் சதுரமாக உடைந்து நிற்குமே, அப்படி. டிஜிற்றல் உருமறைப்பு என்று அதற்குப் பெயர். எதிரியின் கண்ணைக் குழப்புவதற்காம். எதிரிக்கு என்ன நடந்ததோ தெரியாது, குகதாசன் குழம்பிப் போனான். கண்ணை மூடினாலும் சதுரம்தான் தெரிந்தது.

வேலை முறை கேட்பதற்குச் சுகம். முதலில் ஆக வெளிறிய சாம்பலை அடிக்க வேண்டும். காய்ந்ததும், அந்த நிறம் எங்கெங்கே நிற்க வேண்டுமோ அங்கெல்லாம் மாஸ்கிங் ரேப்பில் பயற்றம் பருப்பளவு சதுரம் வெட்டி ஒட்ட வேண்டும். அதற்கு மேல் அடுத்த சாம்பல். அது காய்ந்ததும் இன்னும் கொஞ்சச் சதுரம், இன்னொரு சாம்பல். கடைசி நிறமும் காய்ந்த பிறகு ரேப் எல்லாவற்றையும் உரித்தால் நாலு நிறமும் ஒன்றாக வெளிக்கும். அது வரைக்கும் பார்ப்பவர்களுக்கு அது சொறி பிடித்த பிளேன்தான்.

வெட்டிய சதுரங்களைத் தாளோடு தனியாகவும் விற்கிறார்கள். மைத்துனனிடம் இரண்டாம் தரம் கேட்க வெட்கப்பட்டு, குகதாசன் பிளேட்டால் தானே வெட்டத் தொடங்கினான். ஒட்டுவதற்குத் தாட்சாயினி புருவ மயிர் பிடுங்கும் சாவணத்தை எடுத்தான். எடுத்தது தெரிய வந்த நாளிலிருந்து வீட்டில் சின்ன மனஸ்தாபம். அவள் ரியூசன் நிலையத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். பிழையை மன்னிக்கும் பழக்கம் தொழிலிலேயே இல்லை. அதோடு சதுரங்கள் வீடெல்லாம் பறந்தன. அவளுடைய முழங்கையில் ஒன்று, புட்டுக்குள் ஒன்று, ஒரு பிள்ளையின் விடைத்தாளில் தசமப் புள்ளிக்கு மேல் ஒன்று. அந்தப் பிள்ளைக்கு இரண்டு புள்ளி குறைந்து, தாய் வந்து சண்டை பிடித்து, சதுரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்த பிறகுதான் புள்ளி திரும்பக் கிடைத்தது.

"இஞ்சருங்கோ, உந்தப் பிளேன் பறக்கிறதுக்கு முதல் நான் பறந்திடுவன்," என்றாள் தாட்சாயினி.

எங்கே தொடங்குவது என்ற கேள்வியே குகதாசனுக்கு எழவில்லை. பிளேனைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் தொடங்கினான். பெட்டியோடு வந்த தாள்களில் மேலிருந்து, கீழிருந்து, இடமிருந்து, வலமிருந்து பார்த்தபடி நாலு படங்கள் இருந்தன. கீழிருந்து பார்க்கும் படத்தைக் கராச் சுவரில் ஒட்டினான். மேலிருந்து பார்க்கும் படத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தான். வைத்தது வைத்ததுதான்.

பின்னேரம் பின்னேரமாக ஐந்து மாதம். அடிப்பக்கத்தில் மட்டும் ஆயிரத்து நானூறு சதுரம். இறக்கைக்குக் கீழே ஒரு தரம் ரேப்போடு சேர்ந்து நிறமும் உரிந்து வர, சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து செய்தான். எல்லாம் முடிந்து கடைசிச் சதுரத்தை உரித்த அன்று பக்கத்துத் தேநீர்க் கடைக்கே கேட்கும்படி கூவினான். பிறகு பிளேனை நிமிர்த்தி, சக்கரத்தைப் பூட்டி, மேற்பக்கத்துக்கு ஒரு சாம்பல் பூச்சு அடித்தான். ஒன்றே ஒன்று. அடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று கையைக் கழுவினான்.

முதலில் பார்க்க வந்தவர் அன்ஸார் நானா. ஹாட்வெயார் கடைக்காரர். நாலு சாம்பலையும் கலந்து கொடுத்தவர் அவர்தான். கலந்து கொடுத்தபோதே, "தம்பி, சாம்பலுக்கும் சாம்பலுக்கும் நடுவில இருக்கிற சாம்பல் வேணுமெண்டா நான் எங்க போவன்?" என்று தலையில் கை வைத்தவர். இப்போது பிளேனை இரண்டு கையாலும் எடுத்து, தலைக்கு மேலே தூக்கி, கழுத்தை நன்றாகச் சாய்த்து, வாயைத் திறந்தபடி கீழிருந்து பார்த்தார்.

"அல்லாவே! அப்பிடியே அச்சு," என்றார். "சத்தம்தான் இல்லை."

பிறகு ஊரே வந்தது. பஸ் முதலாளி வந்தார், தலைக்கு மேலே தூக்கினார், கீழிருந்து பார்த்தார். கொண்டக்டர் வந்தான், தூக்கினான், பார்த்தான். ரியூசன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த தாய்மார் ஆளாளுக்குக் கைமாற்றித் தூக்கினார்கள். சாவணத்தை எடுத்ததை இன்னும் மன்னிக்காத தாட்சாயினியும் ஒருநாள் மாக்கையைத் துடைத்துவிட்டு வந்து தூக்கி, சதுரங்களை வரிசை வரிசையாக எண்ணிப் பார்த்து, "பிழை இல்லை," என்றாள். அவளுடைய வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வராது. இத்தனை பேர் பார்த்தார்கள். ஒருவராவது மேலிருந்து குனிந்து பார்க்கவில்லை. மேற்பக்கம் மொட்டையாகக் கிடப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பிலிருக்கும் மாதிரி விமானக்காரர்களின் கழகம் தங்களுடைய கண்காட்சியை முதல் தடவையாக வவுனியாவில் வைப்பதாக அறிவித்தது. ஒழுங்குசெய்தவர் சிவராசா என்ற ஓய்வுபெற்ற எஞ்சினியர். குகதாசன் கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் ஒரு மூலையில் சத்தமில்லாமல் இருப்பவன். துணிந்து பெயரைக் கொடுத்தான். முப்பத்தோராம் இலக்கம் கிடைத்தது. வன்னியிலிருந்து அவன் ஒருவன்தான்.

இதை அன்ஸார் நானாவிடம் சொன்னது அவன் செய்த இரண்டாவது பிழை. சனிக்கிழமை வவுனியாவுக்கு ஒரு வான் போகிறது என்று நானா சந்தை முழுக்க அறிவித்தார். பதினாறு பேர் பெயர் கொடுத்தார்கள். சோற்றுப் பார்சலுக்கும் ஏற்பாடு நடந்தது. முதல் பரிசு புதுக்குடியிருப்புக்குத்தான் என்று மீன் வாங்க வந்தவர்களிடமும் சொல்லியாகிவிட்டது. இனி அந்த மண்டபத்தில் பிளேன் இல்லாமல் போனால் குகதாசன் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. கராச்சை ஒட்டுசுட்டானுக்குத்தான் மாற்ற வேண்டும்.

வியாழக்கிழமை காலை படங்கள் அனுப்பச் சொன்னார்கள். குகதாசன் தாட்சாயினியைப் பிளேனைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, தரையில் மல்லாக்கப் படுத்து ஆறு படம் எடுத்தான். ஆறும் அடிப்பக்கம். அரை மணித்தியாலத்தில் சிவராசாவிடமிருந்து பதில் வந்தது. "மிக அற்புதம். மேற்பக்கப் படங்களையும் அனுப்பவும்."

குகதாசன் பிளேனை மேசையில் சக்கரத்தில் நிறுத்தி, எழுந்து நின்று, மேலிருந்து பார்த்தான். பூச்சு அடித்த பிறகு அதுதான் முதல் தடவை. மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரே வெளிறிய சாம்பல். சீமெந்துச் சுவர் மாதிரி இருந்தது. பெட்டியைத் துழாவி மடித்த தாளை விரித்தான். மேற்பக்கப் படம் முழுக்கச் சதுரம்.

"தாட்சா," என்றான். "இஞ்ச ஒருக்கா வாரும்."

அவள் வந்து தாளைப் பார்த்தாள், பிளேனைப் பார்த்தாள், திரும்பவும் தாளைப் பார்த்தாள். சிரிப்பதா பேசுவதா என்று தெரியாமல் கதிரையில் இருந்துவிட்டாள்.

"உங்களுக்கு மேலெண்டு ஒண்டு இருக்கிறது தெரியாதோ?"

"நீரும் பாத்தனீர்தானே! எண்ணிப் பாத்தனீர். பிழை இல்லையெண்டு சொன்னனீர்."

தன் கண்ணும் இதைத் தவறவிட்டதுதான் அவளுக்கு ஆக எரிச்சல். அந்த எரிச்சலோடு ஒரு விடைத்தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டாள். மேற்பக்கத்துக்கு ஆயிரத்து அறுநூறு சதுரம். மூன்று பேர் இருந்து ஒட்டினாலும் காயவிடும் நேரத்தோடு சேர்த்து இரண்டு மாதம்.

"சனிக்கிழமைக்கு இடையில ஒரு நாள்தான் கிடக்கு," என்றான் குகதாசன்.

"அதைத்தான் கணக்கும் சொல்லுது."

என்றாலும் வெள்ளிக்கிழமை முழுக்க முயன்று பார்த்தார்கள். அன்ஸார் நானா கடையைப் பூட்டிவிட்டு வந்து பிளேட்டை எடுத்தார். அவர் வெட்டியது எதுவும் சதுரமாக இல்லை. நீட்டு றோல்ஸ் வடிவத்தில் சில, வட்ட ரொட்டி வடிவத்தில் சில. "கண்ணைக் குழப்பத்தானே வேணும்? இதுவும் குழப்பும்," என்று வாதாடினார். பின்னேரமாகும்போது மூன்று பேரும் சேர்ந்து நாற்பத்தியிரண்டு சதுரம் ஒட்டியிருந்தார்கள். குகதாசன் அத்தனையையும் உரித்தான். அரைகுறைச் சதுரத்தை விட முழு மொட்டை மேல் என்று அவனுக்குப் பட்டது.

"விழுந்து உடைஞ்சு போச்செண்டு சொல்லிவிடுவமோ?" என்று தாட்சாயினியிடம் மெல்லக் கேட்டான்.

"உடைஞ்சதெண்டா அன்ஸார் நானா உடைஞ்சதைக் காட்டச் சொல்லுவார். அதுக்கு உடைக்கவேணும். உடைப்பியளோ?"

அவன் பிளேனைப் பார்த்தான். ஒரு துணியை எடுத்து, தூசி படாமல் போர்த்துவிட்டான்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே புறப்பட்டான். வானில் போனால் பதினாறு பேருக்கும் வழி முழுக்கப் பதில் சொல்ல வேண்டிவரும். தாட்சாயினி வான்காரரைச் சமாளித்துக் கூட்டிவருவதாகப் பொறுப்பேற்றாள். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துப் பிடித்திருந்தான். பக்கத்தில் இருந்த அம்மா, "என்ன தம்பி, கேக்கோ?" என்று கேட்டார். "ஓம் அம்மா," என்றான். "ஆருக்குப் பிறந்தநாள்?" "எனக்குத்தான்." அதோடு அவரும் விட்டுவிட்டார்.

நெடுங்கேணி தாண்டும்போது அவனுக்கு வெட்கத்தை விடக் கவலைதான் பெரிதாக வந்தது. சின்ன வயதில், சண்டைக் காலத்தில், மேலே பிளேன் இரைய வீட்டில் எல்லாரும் பங்கருக்குள் தலையைக் குனியும்போது அவன் மட்டும் வாசலில் எட்டிப் பார்த்து அம்மாவிடம் அடி வாங்குவான். பயம் இருந்தது, பயத்தோடு சேர்ந்து பார்க்கும் ஆசையும் இருந்தது. வருவது குண்டு போடும் கிபிரா, வேறு பிளேனா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவான். எப்படியாவது ஒரு தடவை அதை அசையாமல் நிறுத்திவைத்து, அவசரப்படாமல் முழுக்கப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வான். இந்த ஆசையை ஊரில் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய ஆசையும் அல்ல. இப்போது அதைச் செய்து முடித்துவிட்டான். ஆனால் அது மேசையில் வைத்தால் தெரியாத பக்கத்தில் இருக்கிறது.

வவுனியா மண்டபத்தில் நீள நீளமாக மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். முப்பது மாதிரிகள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டன. பழைய காலத்து இரட்டைச் சிறகு, கடலில் இறங்கும் பிளேன், பயணிகள் விமானம் என்று ஒன்றை ஒன்று மிஞ்சும் வேலை. குகதாசன் பெட்டியை அணைத்தபடியே ஒவ்வொரு மேசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனான்.

சிவராசா உயரமான மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பெட்டியைத் திறந்து பிளேனை மேசையில் நிறுத்திப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது.

"மிஸ்டர் குகதாசன், மேல என்ன நடந்தது?"

"அது ஐயா... கூரை."

"கூரையா?"

அவர் பிளேனைக் கவனமாகத் தூக்கித் திருப்பினார். கண்ணாடியைப் போட்டார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடி ஒன்றையும் எடுத்தார். அதைச் சதுரங்களின் மேல் வரிசை வரிசையாக நகர்த்திப் பார்த்தார்.

"ஸ்டிக்கர் இல்லையே இது?"

"ரேப் வெட்டி அடிச்சனான் ஐயா. ஆயிரத்து நானூறு."

"நாப்பது வருஷமா இந்த வேலை பார்க்கிறன். இப்படி ஒரு அடிப்பக்கம் நான் கண்டதில்ல," என்றார் சிவராசா. "சொல்லுங்க, இதை ஏன் கீழ செய்தீங்க?"

"வேற எங்க ஐயா செய்யிறது?"

பகிடி விடுகிறான் என்று நினைத்து அவர் சிரித்தார். பிறகு விதியைச் சொன்னார். போட்டி மாதிரி தன் சக்கரத்தில்தான் நிற்க வேண்டும். நடுவர்கள் தொட மாட்டார்கள், தெரிவதற்குத்தான் புள்ளி. மனது கேட்காமல், ஓர் ஓரத்து மேசையைக் காட்டி அங்கே வைக்கலாம் என்றார். பக்கத்தில் ஓர் அட்டையும் வைத்தார். 'குகதாசன், புதுக்குடியிருப்பு. முடிவடையாத வேலை.'

குகதாசன் அந்த அட்டையை மூன்று தரம் வாசித்தான். மூன்று தரமும் அப்படித்தான் இருந்தது. போன் அடித்தது. "தம்பி, புளியங்குளம் தாண்டிட்டம்!" என்று கத்தினார் அன்ஸார் நானா. பின்னால் பதினாறு பேரின் இரைச்சல். வானில் பாட்டும் போட்டிருந்தார்கள். போனை வைத்துவிட்டுக் குகதாசன் பின்பக்கக் கதவு எங்கே இருக்கிறது என்று ஒரு கணம் தேடிப் பார்த்தான். உண்மையைச் சொல்வதென்றால், அது திறந்துதான் இருந்தது. பிளேனை விட்டுவிட்டுப் போக மனம் வராததால் நின்றான்.

வான் வந்து சேர்ந்தது. வெளுத்த வேட்டியும் மடிப்புக் குலையாத சேலையுமாகப் பதினாறு பேரும் மண்டபத்துக்குள் வந்தார்கள். வாசலுக்குப் பக்கத்து மேசையில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பிளேன் நின்றது. அதைக் கண்டதும் பஸ் முதலாளி இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து, தலையைச் சரித்து, பிளேனுக்கு அடியில் பார்த்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் குந்தியே இருந்துவிட்டார். ஒரு பெண் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேசை விளிம்பில் கன்னத்தை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்க முதுகுகள்தான் தெரிந்தன. வவுனியா, பூவரசங்குளம் பக்கத்திலிருந்து தாங்களாக வந்திருந்தவர்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

"இதென்ன, ஒண்டுக்கும் அடி இல்லை?" என்று அன்ஸார் நானா உரக்கக் கேட்டார். "சும்மா வெள்ளையா விட்டிருக்கினம். ஒட்டினதும் தெரியுது. அரைவாசியில விட்டிட்டுப் பரிசுக்கு வந்திருக்கினமோ?"

சிவராசா ஓடி வந்தார். யாருடைய தலையாவது தட்டி இறக்கை உடைந்துவிடுமோ என்று அவருக்குப் பதற்றம்.

"ஏன் எல்லாரும் குனியிறாங்க? மிஸ்டர் குகதாசன், உங்க ஆட்கள் ஏன் கீழ பார்க்கிறாங்க?"

குகதாசனுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் தானும் ஒவ்வொரு மேசையாகக் குனிந்துகொண்டு போனது நினைவு வந்தது. பதிலை அன்ஸார் நானாவே சொன்னார்.

"ஐயா, எங்களுக்குப் பிளேனெண்டா அடிதான். மேல எப்பிடி இருக்குமெண்டு எங்களுக்கு ஆர் காட்டினது?"

சாதாரணமாகத்தான் சொன்னார், கோபம் ஒன்றும் இல்லை. சிவராசா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பவும் போடவில்லை.

அதற்குள் சனம் ஓரத்து மேசையைக் கண்டுபிடித்துவிட்டது. முடிவடையாத வேலை என்ற அட்டையை வாசித்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "ஆர் சொன்னது முடியேல்லையெண்டு?" என்று கொண்டக்டர் சண்டைக்கு ஆயத்தமானான். குகதாசன் வெட்கத்தைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சிவராசாவிடம் போனான்.

"ஐயா, எனக்குப் போட்டி வேண்டாம். அட்டையும் அப்பிடியே இருக்கட்டும். ஒருக்கா மேல கட்டிவிடவோ?"

பதாகை கட்டி மிஞ்சிய தங்கூசி நைலோன் நூல் சுருளைச் சிவராசா தானே எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். பஸ் கூரையில் ஏறிப் பழகிய குகதாசனுக்கு ஏணி பெரிய காரியம் இல்லை. இறக்கை இரண்டிலும் வாலிலும் கட்டி, நடு மண்டபத்தின் கூரை மரத்தில் பிளேனைத் தொங்கவிட்டான். காற்றில் ஆடக்கூடாது என்று எல்லா ஃபானையும் நிறுத்தினார்கள். இறங்கி வந்து ஏணியை எடுத்தபோது பதினாறு பேரும், மற்றவர்களும், நடுவர்களில் இரண்டு பேரும் கூடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலு சாம்பலும் உச்சி வெளிச்சத்தில் ஒன்றோடு ஒன்று கலந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் தெரிந்தன. எல்லாருக்கும் வேர்த்து வழிந்தது. ஒருவரும் நகரவில்லை.

குகதாசன் பிளேனைப் பார்க்கவில்லை. அவர்களுடைய முகங்களைத்தான் பார்த்தான்.

மெல்ல மெல்லச் சனம் சோற்றுப் பார்சலை நினைத்துக் கலைந்தது. தாட்சாயினி மட்டும் அதே இடத்தில் நின்றாள். கையை நெற்றியில் வைத்து வெளிச்சத்தை மறைத்தபடி நின்றாள். இந்த முறை அவள் சதுரங்களை எண்ணவில்லை. அவளுக்குக் கழுத்து நோகுமே என்று சிவராசா ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார்.

"இருந்து பாருங்க, அம்மா."

"வேண்டாம் ஐயா," என்றாள் அவள், கண்ணை எடுக்காமலே. "பங்கருக்குள்ள குந்தியிருந்துதான் எட்டிப் பாத்தனாங்கள். ஒரு நாளும் நிண்டு பாக்கேல்லை. இண்டைக்கு நிண்டு பாக்கிறன்."

சிவராசா கதிரையைச் சுவரோடு வைத்துவிட்டுத் திரும்பி வந்து, அவளுக்குப் பக்கத்தில் நின்று, அண்ணாந்து பார்த்தார்.